ஐக்லர் வீடும் தாளிக்கிற வாசனையும்

சார் வணக்கம்,

உங்க தளத்தை ஆறு வருஷமா படிக்கிறேன், இதுதான் முதல் கடிதம். நாங்க கலிஃபோர்னியா சன்னிவேல்ல இருக்கோம். போன வருஷம் ஒரு ஐக்லர் வீடு வாங்கினோம், ஜோசப் ஐக்லர்ங்கற பில்டர் 1962ல கட்டினது. தட்டையான கூரை, பின்பக்கம் முழுக்க கண்ணாடி, நடுவுல வானம் தெரியற ஏட்ரியம். அப்பா ஊர்லேருந்து வந்து பாத்துட்டு, "இது நம்ம முற்றம் வச்ச வீடுதானேடா, நம்ம முன்னோர் எப்பவோ பண்ணிட்டாங்க"ன்னார். ஸ்டீவ் ஜாப்ஸ் வளர்ந்ததும் ஐக்லர் வீட்லதானாம். இப்ப பிரச்சினை என்னன்னா கிச்சன் ஹாலோட சேர்ந்து திறந்து கிடக்கு, தாளிச்சா பெட்ரூம் வரைக்கும் வாசனை. மனைவி சுவர் எழுப்பி மூடணும்ங்கறாங்க. கான்ட்ராக்டரைக் கேட்டா, அதுக்கு மொத்தமா இடிச்சுட்டு ரெண்டு மாடியா கட்டிடலாம், ரீசேல் வேல்யூ எகிறும்ங்கறார். உள்ள மரச்சுவரெல்லாம் ஒரே இருட்டு, வெள்ளை பெயிண்ட் அடிக்கலாமான்னும் ஒரு யோசனை. ஜன்னலுக்கு டபுள் கிளாஸ் போடலாமா? நீங்க என்ன சொல்றீங்க?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வீடு கட்டறது இடிக்கிறது பத்தி வர்ற கடிதத்துக்கெல்லாம் நான் பதில் போடறதில்ல, நான் இன்ஜினியரும் இல்ல, வாஸ்து ஜோசியரும் இல்ல. ஆனா உங்க கடிதம் வந்த அன்னிக்கு நான் வேற ஒரு வீட்டையே நினைச்சுட்டு உக்காந்திருந்தேன். அதைப் பின்னாடி சொல்றேன்.

சில்லறை விஷயங்களை முதல்ல தள்ளிடலாம். டபுள் கிளாஸ் தாராளமா போடுங்க, ஒரு பாவமும் இல்ல. அந்தக் காலத்துக் கண்ணாடி உடைஞ்சா கத்தி கத்தியா விழும், வீட்ல குழந்தை இருந்தா நாளைக்கே மாத்துங்க. ஸ்டீவ் ஜாப்ஸ் கதையை விட்டுடுங்க, அவரே அப்படித்தான் நினைச்சிருந்தார், பின்னாடி ஆராய்ஞ்சவங்க அது ஐக்லர் பாணில வேற ஒருத்தர் கட்டின வீடுன்னு சொல்றாங்க. அப்புறம் ஒரு பெரிய மனுஷர் குடியிருந்தார்ங்கறதுக்காக ஒரு வீட்டை மதிக்கிறது என்ன பழக்கம்?

அப்பா சொன்னதை மட்டும் அப்படியே விட முடியல. மரியாதையோடதான் சொல்றேன், இந்த "நம்ம முன்னோர் எப்பவோ பண்ணிட்டாங்க" வியாதி எனக்கு ஆகவே ஆகாது. நம்ம வீட்ல திண்ணை, ரேழி எல்லாம் தாண்டி உள்ள போனாத்தான் முற்றம். யார் எதுவரைக்கும் வரலாம்ங்கறதுக்கு ஒரு கணக்கு வச்சு கட்டினது அது, திண்ணையோட நின்னவங்க திண்ணையோடதான் நின்னாங்க. உங்க ஐக்லர்ல தெருக்கேட்டைத் திறந்தா நேரா வானம், அதைத் தாண்டினப்புறம்தான் வீட்டுக் கதவே. யார் பெல் அடிச்சாலும் முதல்ல வந்து நிக்கிறது உங்க முற்றத்துலதான். ரெண்டும் வேற வேற புத்தி. ஒரு நல்ல விஷயத்தைப் பாத்தா அதைப் பண்ணினவனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறதுக்கு நமக்கு ஏன் இவ்வளவு கஷ்டமா இருக்கு?

பண்ணினவர் யாருன்னு பாருங்க. ஜோசப் ஐக்லர் ஆர்க்கிடெக்ட் இல்ல. வெண்ணெய், முட்டை மொத்த வியாபாரம் பண்ற குடும்பக் கம்பெனில வரவு செலவு பாத்துட்டிருந்தவர். 1940கள்ல, நாப்பது வயசுக்கு மேல, ஹில்ஸ்பரோங்கற ஊர்ல ஃபிராங்க் லாய்ட் ரைட்ங்கற பேர்போன ஆர்க்கிடெக்ட் டிசைன் பண்ணின ஒரு வீட்டுக்கு வாடகைக்குக் குடி போறார். போனவருக்கு அந்த வெளிச்சம் பிடிச்சுப்போச்சு. காசுள்ளவனுக்கு ரைட் கட்டிக் குடுக்கறதை மாசச் சம்பளக்காரனுக்கு ஏன் குடுக்கக் கூடாதுன்னு ஆரம்பிச்சவர், நல்ல ஆர்க்கிடெக்ட்டுங்களைப் பிடிச்சு பிளான் வாங்கி, 1949லேருந்து 1960கள் நடுப்பகுதி வரைக்கும் ஏறக்குறைய 11,000 வீடு கட்டி வித்திருக்கார். ஆரம்பிச்சது உங்க சன்னிவேல்லதான். கடைசில எதுல கவுந்தார் தெரியுமா, சான் ஃபிரான்சிஸ்கோல உசர உசரமா அடுக்குமாடி கட்டப் போய், 1967ல கம்பெனி திவால். தரையோட தரையா கட்டின வரைக்கும் நல்லாத்தான் இருந்தார்.

இப்ப உங்க கான்ட்ராக்டர்கிட்ட வர்றேன். அவர் சொல்ற அந்த ரெண்டு மாடி இருக்கே, அதுலதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. உங்க வீட்டைத் தெருவுல நின்னு பாருங்க, ஜன்னலே இருக்காது, வெறும் பலகைச் சுவர், ஒரு கராஜ் கதவு. மூஞ்சியைத் திருப்பிக்கிட்ட மாதிரி இருக்கும். பின்பக்கம் போனா தரைலேருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. இவ்வளவு கண்ணாடி வச்சுட்டு வீட்ல எப்படி லுங்கி கட்டிட்டு நடமாடறீங்க? பக்கத்து வீடும் தாழ்வு, பின்வீடும் தாழ்வு, நடுவுல ஒரு ஆள் உசர வேலி, யாரும் யாரையும் பாக்க முடியாது, அதனாலதான். அந்தத் தெருவுல ஒரே ஒருத்தர் ரெண்டாவது மாடி ஏத்தினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா, அவர் பெட்ரூம் ஜன்னல்லேருந்து அஞ்சாறு வீட்டு ஹால் தெரியும், அந்த அஞ்சாறு வீட்டுக்காரனும் அன்னிக்கே கடைக்குப் போய் திரைச்சீலை வாங்கி மூடுவான், மூடினா அப்புறம் அது ஐக்லர் வீடே இல்ல, தகரக் கூரை போடாத குடோன். அதனாலதான் சன்னிவேல்லயும் பாலோ ஆல்ட்டோலயும் தெருக்காரங்க பெரும்பான்மையா கையெழுத்துப் போட்டு சிட்டிகிட்ட மனு குடுத்து, இங்க ஒரு மாடிக்கு மேல கட்டக் கூடாதுன்னு சட்டமாவே வாங்கி வச்சிருக்காங்க. பாலோ ஆல்ட்டோல கிரீன்மெடோ, கிரீன் கேபிள்ஸ்னு ரெண்டு பகுதியை 2005ல தேசியப் பாரம்பரியப் பட்டியல்லயே சேத்துட்டாங்க. ஒரு வீட்டை இல்ல, முழுப் பகுதியையும். உங்க தெருவுக்கு அந்தச் சட்டம் இருக்கான்னு கான்ட்ராக்டர் உங்ககிட்ட சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார்.

இதை இவ்வளவு சூடா சொல்றதுக்கு எனக்கு ஒரு தகுதியும் கிடையாது, அதையும் சொல்லிடறேன்.

எங்கப்பா 1964ல திருச்சில ஒரு வீடு கட்டினார். ஒரு ஓவர்சியர் போட்டுக் குடுத்த பிளான். பட்டை பட்டையா நீளமா ஓடற சன்ஷேடு, போர்ட்டிகோவுக்கு சாய்வா ஒரு தூண், மாடிப்படிக்குப் பக்கத்துல ஓட்டை ஓட்டையா சிமெண்ட் ஜாலி வச்ச சுவர், சாயங்காலம் அது வழியா வெயில் வந்து படில கட்டம் கட்டமா விழும். தரை மொசைக், ஓரத்துல கறுப்பு பார்டர். மெஷின் வச்சு மொசைக் தேச்சப்ப ஒரு வாரம் வீடெல்லாம் சேறு மாதிரி பால்தண்ணி ஓடினதும் அந்த சத்தத்துல நான் ஓரமா படுத்துத் தூங்கினதும் இப்பவும் ஞாபகம் இருக்கு. அதையெல்லாம் யாரும் அப்ப ஸ்டைல்னு சொல்லல, கவர்மென்ட் ஆபீஸ் மாதிரி இருக்குன்னு மாமா ஒருத்தர் கேலி பண்ணினார். 2009ல பக்கத்துல மூணு மாடி ஃபிளாட் வந்தது. அவங்க பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் வரிசையா எங்க சமையல்கட்டைப் பாத்து. அம்மா முதல்ல ஜன்னல் கதவைச் சாத்தினாங்க, அப்புறம் ஜாலிக்கு உள்பக்கம் அட்டை அடிச்சு மூடினாங்க. வீடு பகல்லயே இருட்டிடுச்சு. இருட்டா இருக்கு, பழசாப் போச்சு, இனிமே என்ன இருக்குன்னு எல்லாரும் சொல்ல 2011ல ஜாயின்ட் வென்ச்சருக்குக் கையெழுத்துப் போட்டேன். நான்தான் போட்டேன். இடிக்கும்போது சுவர் ரெண்டு நாள்ல போச்சு, மொசைக் தரை போகல. கூலி ஆள் ஒருத்தர் கடப்பாரையைப் போட்டுட்டு, "யார் சார் போட்டது இதை"ன்னு திட்டற மாதிரி கேட்டார், எனக்கு அது பாராட்டு மாதிரி கேட்டுச்சு. நாலு ஜாலி கல்லை மட்டும் எடுத்துட்டு வந்தேன், ஒண்ணு வழில உடைஞ்சுது.

செட்டிநாட்டு வீட்டுத் தூணுக்கும் கதவுக்கும் இன்னைக்குக் கியூ நின்னு காசு குடுக்கறாங்க. அறுபதுகள்ல சம்பளக்காரன் பி.எஃப். லோன் போட்டுக் கட்டின வீட்டுக்கு அழ நாதியில்ல. நூறு வருஷம் ஆனாத்தான் பழசுக்கு மதிப்பு, அம்பது வருஷப் பழசு வெறும் பழசு. அந்த நூறு வரைக்கும் அதை யார் காபந்து பண்றது?

இன்னொண்ணு. நீங்க கடிதத்துல எழுதாத விஷயம், ஆனா அந்த வீட்ல இருக்கிறவர் தெரிஞ்சுக்கணும். ஐக்லர் கட்டின காலத்துல அந்தப் பக்கத்துல வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தான் வீடுங்கறது சாதாரணப் பழக்கம், நிறைய இடத்துல பத்திரத்துலயே எழுதியிருப்பாங்க. 1948ல சுப்ரீம் கோர்ட் அந்த மாதிரி ஷரத்தெல்லாம் கோர்ட்ல செல்லாதுன்னு சொன்னப்புறமும் பில்டர்ங்க சத்தமில்லாம அப்படியேதான் நடத்தினாங்க. இவர் யார் காசு குடுத்தாலும் வித்தார், கறுப்பரா ஆசியரான்னு பாக்கல. வீடு கட்டறவங்களோட தேசியச் சங்கம் பாகுபாடு கூடாதுங்கற கொள்கையை ஏத்துக்கலன்னு 1958ல சங்கத்துலேருந்தே ராஜினாமா பண்ணினார். நஷ்டம் வரும்னு தெரியாத ஆளா, முட்டை வியாபாரத்துல கணக்குப் பாத்தவர். 2020களில் சென்னைல வாடகை வீடு விளம்பரத்துல "வெஜ் ஒன்லி"ன்னு போடறாங்க, அதுக்கு என்ன அர்த்தம்னு நமக்கெல்லாம் நல்லாவே தெரியும். அந்த மனுஷர் போட்ட கூரையை இடிச்சுட்டு அப்படி என்ன கட்டப் போறீங்க?

சரி, கோபம் போதும். மரச்சுவருக்கு வாங்க. அது பிலிப்பைன் மஹாகனி, மேல ஒட்டியிருக்கிறது தோல் மாதிரி மெல்லிசான ஒரு படலம். அதுல பெயிண்ட் அடிச்சீங்கன்னா திரும்ப எடுக்கவே முடியாது, தேச்சா பெயிண்ட்டுக்கு முன்னாடி மரம் போயிடும். இருட்டா இருக்குன்னா ஒரு ஈரத்துணியால துடைச்சுப் பாருங்க, அறுபது வருஷ அழுக்கு எவ்வளவு வருதுன்னு. ராத்திரிக்கு நாலு விளக்கு வாங்கி வைங்க. அதுக்குன்னு மேல ஃபால்ஸ் சீலிங் அடிச்சு குழி விளக்கு வச்சீங்கன்னா எனக்கு இனிமே கடிதம் போடாதீங்க. உங்களுக்கு சீலிங், கூரை எல்லாம் ஒரே பலகைதான், நடுவுல பரண் மாதிரி எதுவும் கிடையாது. மேல கூரை போட வர்ற ஆள் கொஞ்சம் நீளமான ஆணி அடிச்சாக்கூட முனை உள்ள ஹால்ல எட்டிப் பாக்கும். ஐக்லர் வேலை தெரிஞ்ச ஆளா பாத்துக் கூப்பிடுங்க.

தரையை விட்டுட்டேனே. நான் 2003ல அந்தப் பக்கம் வந்தப்ப ஒரு நண்பர் வீட்ல, உங்களுது மாதிரியே ஐக்லர் வீடு, பத்து நாள் தங்கினேன். ஜனவரி மாசம். ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து வெறுங்கால வச்சா, தரை வெதுவெதுன்னு, பகல் பூரா வெயில் வாங்கின மொட்டை மாடில ராத்திரி ஏறி நின்ன மாதிரி. காங்கிரீட்டுக்குள்ள குழாய் பதிச்சு வெந்நீர் ஓட விட்டிருக்காங்க. ஒரு சத்தம் கிடையாது, காத்து முகத்துல அடிக்கறது கிடையாது. உங்க கான்ட்ராக்டர் அடுத்து அதை மூடிட்டு ஏ.சி. டக்ட்டைக் கூரை மேல போடலாம்னு சொல்லுவார். கொரியப் போர் சமயத்துல செம்பு கிடைக்காம இரும்புக் குழாய் போட்ட வீடுகள்தான் துருப்பிடிச்சு ஒழுகும், உங்களுது 1962, முதல்ல சோதிச்சுப் பாருங்க. ஒழுகினாலும் எங்கன்னு கண்டுபிடிச்சு அந்த இடத்தை மட்டும் உடைச்சு ஒட்ட ஆள் இருக்கு.

கிச்சன் பத்திக் கேட்டிருந்தீங்க இல்ல? சுவர் எழுப்பாதீங்க, அந்த வீட்ல சமைக்கிறவங்க ஹால்ல நடக்கிறதையும் தோட்டத்தையும் பாத்துட்டே சமைக்கணும்னுதான் அப்படித் திறந்து விட்டிருக்கு, உங்க மனைவிகிட்ட இதைச் சொல்லிப் பாருங்க, கூடவே வாரத்துல மூணு நாள் நீங்க சமைங்க, அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணுங்க. நல்ல சிம்னி ஒண்ணு போட்டுக்கலாம். அந்த நண்பர் மனைவி எண்ணெய்ச் சட்டி வைக்கிற வேலை மட்டும் ஏட்ரியத்துல வச்சுப்பாங்க, ஒரு சின்ன கரண்ட் அடுப்பு, ஒரு முக்காலி. வானம்தான் சிம்னி. நான் இருந்தப்ப ஒரு நாள் வடை போட்டாங்க, எதிர்வீட்டு அம்மா, எண்பது வயசிருக்கும், அந்தத் தெருவுல முதல்ல குடிவந்தவங்களாம், கேட்டைத் திறந்து தலையை மட்டும் உள்ள நீட்டி என்ன வாசனைன்னு கேட்டாங்க. ரெண்டு வடை குடுத்தோம், நின்னுக்கிட்டே ஒண்ணைத் தின்னுட்டு இன்னொண்ணைக் கைக்குட்டைல சுத்தி எடுத்துட்டுப் போனாங்க.

வெள்ளை பெயிண்ட் ஏற்கனவே வாங்கியிருந்தா கடைல திருப்பிக் குடுத்துடுங்க. உங்க ஊர்லதான் எதைக் கொண்டு போனாலும் திருப்பி எடுத்துக்குவாங்களாமே.