தங்கைக்காக யார் பேசுவது?

கேள்வி: சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ரோமானியச் சட்டத்தில் வரும் 'அஸ்ஸெர்ட்டியோ' என்ற லத்தீன் சொல்லுக்கு அகராதி 'உறுதிபடக் கூறல்' என்கிறது. ஆசிரியரோ அடிமை வழக்கோடு சேர்த்து விளக்குகிறார். எது சரி? கருத்தரங்கக் கட்டுரைக்காகக் கேட்கிறேன். பிளஸ் டூ முடித்த தங்கைக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பதால் படிப்பில் மனம் நிற்கவில்லை. போனில் அழுதாள், 'அப்பாவிடம் நீயே உறுதியாகச் சொல்' என்று சொல்லிவிட்டேன்.

பதில்: இரண்டும் சரிதான். 1521இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி, கிறித்தவச் சீர்திருத்தவாதி லூதரை மறுத்து வெளியிட்ட நூலின் தலைப்பில் இச்சொல் அகராதிப் பொருளில் நிற்கிறது. ரோமானிய நீதிமன்றத்தில் அதன் வேலை வேறு. ஒருவர் அடிமையா, சுதந்திரமானவரா என்ற வழக்கில் அவரே தமக்காக வழக்காட முடியாது. உரிமையுள்ள வேறொருவர் முன்வந்து, அவர் மேல் கை வைத்து, 'இவர் சுதந்திரமானவர்' என்று கோர வேண்டும். அந்தக் கோரிக்கையே அஸ்ஸெர்ட்டியோ, கோருபவர் அஸ்ஸெர்ட்டர். அவருக்குச் சுமையாகிவிடக் கூடாது என்பதற்காக, அடிமையின் விலை எவ்வளவாக இருந்தாலும், வழக்கில் தோற்றால் இழக்க வேண்டிய பந்தயத் தொகை 50 'அஸ்' நாணயம் மட்டுமே என்று சட்டம் வைத்ததாக ரோமானியச் சட்ட அறிஞர் காயுஸ் எழுதுகிறார். இத்தகைய ஆள் தேவை என்ற விதியை 6ஆம் நூற்றாண்டில்தான் யுஸ்தினியன் பேரரசர் நீக்கினார்.

இனி, போகிறபோக்கில் நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். கி.மு. 449இல் நடந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி சொல்லும் வெர்கினியா வழக்கைப் படித்திருப்பீர்கள். அதிகாரத்தில் இருந்த அப்பியுஸ் கிளாடியுஸின் ஏவலால் அவருடைய ஆள் ஒருவன் அந்தப் பெண்ணைத் தன் அடிமை என்று உரிமை கொண்டாடுகிறான். அவள் திகைத்து நிற்க, கூவி ஊரைக் கூட்டியவள் செவிலி, எதிர்த்து நின்றவர்கள் உறவினர் நுமிடோரியுஸும் மணம் பேசப்பட்ட இகிலியுஸும். 'நீயே சொல்லிக்கொள்' என்று அவர்கள் ஒதுங்கவில்லை.

உங்கள் அப்பாவை நான் அப்பியுஸோடு ஒப்பிடவில்லை. மகள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அவரும் நினைப்பார். ஆனால் அந்த வீட்டில் அவள் பேசினால் வாயாடித்தனம், நீங்கள் பேசினால் யோசனை என்பது உங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால்தான் அவள் உங்களுக்குப் போன் செய்தாள். துணிவாகப் பேசு என்று தங்கைக்கு அறிவுரை சொல்லிவிட்டு, பேச வேண்டிய அண்ணன் விடுதியில் உட்கார்ந்து லத்தீன் அகராதியைப் புரட்டுவதை நான் பொறுப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அவளுக்குப் பதினெட்டு வயது நிரம்பிவிட்டதா என்பதைக்கூடச் சட்டம் படிக்கும் நீங்கள் எழுதவில்லை!

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போங்கள். அவள் விரும்பும் படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது, கட்டணம் எவ்வளவு, அதில் நீங்கள் எவ்வளவு ஏற்க முடியும் என்பதைக் கையில் வைத்துக்கொண்டு, அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து அப்பாவிடம் பேசுங்கள். கட்டுரையைத் திரும்பி வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.