எல்க் வேட்டை: பாயின்ட் சேர்ப்பதும் செலவழிப்பதும்

குளிர்காலம் பாதி கடந்தால் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட விண்ணப்பிக்கும் பருவம் வந்துவிடும். வேட்டை அனுமதிச் சீட்டுக்கு டேக் என்று பெயர், அதைப் பெற வருடாவருடம் சேர்க்கும் முன்னுரிமை பாயின்ட், யூனிட் என்பது வேட்டைப் பகுதி. அரிசோனாவிலும் வயோமிங்கிலும் எல்க் விண்ணப்பம் பிப்ரவரித் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். கொலராடோ, மொன்டானா ஏப்ரல் முதல் வாரம் வரை தாங்கும். வெளிமாநிலத்தில் பெரிய கொம்புள்ள ஆண் எல்க் வேட்டைக்குத் திட்டமிடுகிறவர்கள் கேட்டவற்றில், பலருக்கும் உதவக்கூடிய கேள்விகளுக்கு இங்கே பதில்.

கொலராடோவில் எனக்கு 14 பிரிஃபரன்ஸ் பாயின்ட் இருக்கிறது. யூனிட் 2, 10, 201 இவற்றில் ஒன்றில்தான் வேட்டையாட வேண்டும் என்று சேர்த்து வருகிறேன். இன்னும் எத்தனை வருடம் ஆகும்? (டாலஸ் வாசகர்)

அந்த டேக் உங்கள் கைக்கு வராமலே போகலாம். மனசு கஷ்டப்படும்தான், ஆனால் கணக்கு அப்படி.

மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ள அந்த யூனிட்களுக்கு வெளிமாநிலத்தார் 20 பாயின்டுக்கு மேல் வைத்திருந்தால்தான் பேச்சே. "14 இருக்கிறது, 20-க்கு இன்னும் ஆறு வருடம்" என்று நினைத்தால் அங்கேதான் சறுக்கும். நீங்கள் ஒரு பாயின்ட் ஏறும்போது உங்களுக்கு முன்னால் நிற்பவர்களும் ஒன்று ஏறுகிறார்கள். ஒரு பேச்சுக்கு, உங்களைவிட அதிக பாயின்ட் உள்ளவர்கள் 400 பேர், வெளிமாநிலத்தாருக்கு வருடத்துக்கு 10 டேக் என்று வையுங்கள். அவர்கள் எல்லாரும் முடிந்து உங்கள் முறை வர 40 வருடம். நடுவே சிலர் வயதாகி விலகுவார்கள், சிலர் வேறு யூனிட்டில் பாயின்டைச் செலவழிப்பார்கள். அதைக் கழித்தாலும் கணக்கு உங்கள் பக்கம் சாயாது. தேவைப்படும் பாயின்ட் வருடாவருடம் இப்படி ஏறிக்கொண்டே போவதைத்தான் வேட்டைக்காரர்கள் பாயின்ட் கிரீப் என்கிறார்கள்.

கொலராடோவில் நெருக்கடி இன்னும் கூடியிருக்கிறது. மேற்குப் பகுதி யூனிட்களில் வில் வேட்டைக்கான எல்க் டேக்கை வெளிமாநிலத்தார் குலுக்கல் இல்லாமல் நேராக வாங்க முடிந்த காலம் 2024-உடன் முடிந்தது. அந்தக் கூட்டமும் இப்போது குலுக்கலுக்குத்தான் வருகிறது. உச்ச யூனிட்களில் சில டேக்குகளைத் தனிக் குலுக்கலில் விடுகிறார்கள், உண்மைதான். ஆனால் அதை நம்பி இன்னொரு 15 வருடம் உட்கார முடியாது.

என் யோசனை: கொலராடோ வனவிலங்குத் துறை ஒவ்வொரு வருடமும் வெளியிடும் குலுக்கல் முடிவு அறிக்கையை எடுங்கள். வெளிமாநிலத்தார் பட்டியலில், போன வருடம் 10 முதல் 13 பாயின்டில் விண்ணப்பித்த எல்லாருக்கும் கிடைத்த வேட்டைகளைக் குறியுங்கள். அந்தப் பாயின்டில் ஒரு பகுதியினருக்கு மட்டும் கிடைத்த வேட்டை வேண்டாம், இந்த வருடம் அது நழுவிவிடும். குறித்தவற்றில் பொது நிலம் அதிகமாகவும் பருவத் தேதி செப்டம்பர் இரண்டாம் பாதியை ஒட்டியும் இருப்பதைத் தேர்ந்தெடுத்து 14-ஐயும் செலவழித்துவிடுங்கள். யூனிட் 201-இன் பெயர் இருக்காது. ஆனால் மலையில் நின்று எல்க் முழங்குவதைக் கேட்கலாம், அதுவும் முழங்கால் நல்ல நிலையில் இருக்கும்போதே.

ஒன்று மறக்க வேண்டாம். கொலராடோவில் முதல் விருப்பம் கிடைத்தால்தான் பாயின்ட் கரையும். முதல் விருப்பத்தில் வேட்டை கேட்காமல் பாயின்டை மட்டும் கேட்கும் குறியீட்டைப் போட்டுவிட்டு, இரண்டாவது விருப்பத்தில் போட்டி குறைந்த யூனிட்டைக் கேட்டால், பாயின்டும் சேரும், வேட்டையும் கிடைக்கக்கூடும்.

எனக்கு வயது 38, கையில் ஒரு பாயின்ட்கூட இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? (நியூ ஜெர்சி வாசகர்)

முதலில், எல்லா மாநிலத்துப் பாயின்டும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. கொலராடோவில் அது ரேஷன் கடை வரிசை மாதிரி: முன்னால் நிற்பவருக்கு முதலில், உங்கள் முறை வரும்வரை பெரும்பாலும் ஒன்றும் இல்லை. அரிசோனா, நெவாடா, யூட்டாவில் இருப்பது போனஸ் பாயின்ட். ஒவ்வொரு பாயின்டும் குலுக்கலில் கூடுதல் வாய்ப்பு, எதுவும் உறுதியில்லை. நெவாடாவில் பாயின்டின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டுவார்கள்: 10 பாயின்ட் என்றால் 101 வாய்ப்பு. அரிசோனா 20% டேக்குகளை முதல் சுற்றில் உச்ச பாயின்ட்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் குலுக்குகிறது. வெளிமாநிலத்தாருக்கு மொத்தத்தில் 10%-க்கு மேல் கிடையாது. யூட்டாவில் பாதி உச்ச பாயின்ட்காரர்களுக்கு, பாதி குலுக்கலுக்கு. வயோமிங் இரண்டும் கலந்தது: வெளிமாநில எல்க் டேக்கில் 75% பாயின்ட் வரிசைப்படி, 25% பாயின்டே பார்க்காத குலுக்கல்.

இன்று பூஜ்யத்தில் நிற்பவர் கொலராடோவின் உச்ச யூனிட்டைக் கனவு காண்பது வீண். உங்கள் இடத்தில் நான் இருந்தால் வயோமிங்கில் வருடம் 52 டாலருக்கு எல்க் பாயின்ட் வாங்கி, சில பாயின்ட் சேர்ந்ததும் ஜெனரல் டேக்கில் (ஒரே யூனிட்டோடு கட்டுப்படாத டேக்) செலவழித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன். விண்ணப்பிக்காத வருடத்தில் ஜூலை முதல் அக்டோபர் வரை பாயின்டை மட்டும் வாங்கலாம். தொடர்ந்து இரண்டு வருடம் விண்ணப்பமும் இல்லை, பாயின்டும் வாங்கவில்லை என்றால் சேர்த்தது எல்லாம் போச்சு.

கூடவே நியூ மெக்சிகோவில் ஒவ்வொரு வருடமும் விண்ணப்பியுங்கள். அங்கே பாயின்ட் என்பதே கிடையாது. 20 வருடமாக விண்ணப்பிப்பவரும் நீங்களும் ஒன்றுதான். வழிகாட்டி இல்லாமல் வரும் வெளிமாநிலத்தாருக்கு டேக்குகளில் 6%, அவுட்ஃபிட்டருடன் (வழிகாட்டியோடு வேட்டையை ஏற்பாடு செய்து தருபவர்) ஒப்பந்தம் போட்டு வருபவர்களுக்கு 10%. கீலா மலைப்பகுதிக்கு ஆசைப்பட்டால் 10% பக்கம் கொஞ்சம் நல்லது, செலவு பல மடங்கு.

அரிசோனா, நெவாடா இரண்டிலும் விண்ணப்பிக்கவே வேட்டை உரிமம் வாங்கியாக வேண்டும்: முறையே 160, 155 டாலர். டேக் வராவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. 15 வருடத்துக்கு இதைப் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எனக்கு 9 பாயின்ட், நண்பருக்கு 2. சேர்ந்து விண்ணப்பிக்கலாமா? (சிகாகோ வாசகர்)

கொலராடோவில் வேண்டாம், குழுவில் குறைந்த பாயின்டையே எடுத்துக்கொள்வார்கள், உங்கள் 9 அங்கே 2 ஆகிவிடும். வயோமிங்கில் சராசரி. இருவருக்கும் ஐந்தரை என்று நுழையலாம். நண்பர் உங்களுக்கு ஒரு நல்ல சாப்பாடு போட வேண்டும்.

எச்1பி விசாவில் இருக்கிறேன். டேக் கிடைத்தால் ரைஃபிள் எடுத்துப் போகலாமா? (சான் ஹோசே வாசகர்)

குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டம் தடை விதிக்கிறது. ஆனால் அமெரிக்க மாநிலம் ஒன்றின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அதனால் உரிமம் முதலில், ரைஃபிள் அப்புறம். உரிமம் காலாவதியாகும் தேதியைக் கவனியுங்கள், அதற்குப் பிறகு வீட்டில் ரைஃபிள் கிடந்தாலே சிக்கல். கிரீன் கார்டு விண்ணப்பம் நடந்துகொண்டிருந்தால் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வில்லுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழையும் இப்போதே வாங்கி வையுங்கள். கொலராடோவில் 1949 ஜனவரி 1-லும் அதற்குப் பிறகும் பிறந்த எல்லாருக்கும் அது கட்டாயம்.

வயோமிங் எல்க் டேக் கிடைத்துவிட்டது! வழிகாட்டி இல்லாமல் போகலாம் என்று இருக்கிறேன். ஏதாவது கவனிக்க வேண்டுமா? (அட்லாண்டா வாசகர்)

வாழ்த்துகள். இதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டிருக்கலாம்.

மத்திய அரசு வில்டர்னஸ் (இயற்கை நிலையிலேயே விட்டுவைத்த காடு) என்று அறிவித்த பகுதிக்குள் வெளிமாநிலத்தார் தனியாகப் பெரிய விலங்குகளை வேட்டையாட வயோமிங் சட்டம் விடாது. உரிமம் பெற்ற வழிகாட்டியோ, இதற்கென இலவச அனுமதி வாங்கிய உள்ளூர்வாசி ஒருவரோ கூட வர வேண்டும். நடக்கலாம், கூடாரம் போடலாம், மீன் பிடிக்கலாம், எல்க்கை மட்டும் தொடக்கூடாது. இது பாதுகாப்புக்கான சட்டம் என்கிறார்கள். அவுட்ஃபிட்டர்களுக்கு வருமானப் பாதுகாப்பு என்பது என் கட்சி. எப்படியானாலும் சட்டம் சட்டம்தான். வரைபடத்தை எடுத்து, உங்கள் யூனிட்டில் வில்டர்னஸ் போக மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். யெல்லோஸ்டோனுக்குத் தெற்கே, கிழக்கே உள்ள சில யூனிட்களில் நல்ல எல்க் பெரும்பாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான்.

இன்னொன்று தனியார் நிலம். மாநிலத்தின் தெற்கே சதுரங்கக் கட்டம் போலப் பொது நிலமும் தனியார் நிலமும் மாறி மாறி வரும். தனியார் மண்ணை மிதிக்காமல் ஒரு பொது நிலத்தின் மூலையிலிருந்து அடுத்ததன் மூலைக்குத் தாண்டுவதை நில உரிமையாளர் தடுக்க முடியாது என்று 2025-இல் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ இவற்றுக்கு அது பொருந்தும். மொன்டானா வேறு நீதிமன்றத்தின் கீழ் வருவதால் அங்கே இதைக் காட்டி வாதாட முடியாது.

அடுத்த முறைக்கு: வயோமிங்கில் ஸ்பெஷல் என்று அதிகக் கட்டணப் பிரிவு ஒன்று உண்டு, சுமார் 1,950 டாலர். வழக்கமான பிரிவு 700 டாலரை ஒட்டி. டேக் ஒன்றே, வேட்டையும் ஒன்றே. ஸ்பெஷலில் கூட்டம் குறைவு என்பதுதான் லாபம். சில யூனிட்களில் அந்த லாபமும் பெரிதாக இருக்காது, முடிவு அறிக்கையைப் பார்க்காமல் பணத்தைக் கட்டாதீர்கள்.

375 அங்குலத்துக்குக் குறைந்தால் சுடமாட்டேன். எந்த மாநிலம் நல்லது? (ஹூஸ்டன் வாசகர்)

கொம்பின் பல அளவுகளைக் கூட்டி வரும் எண் இது. 375 என்பது சீரான கொம்புள்ள எல்க்கை, வேட்டைச் சாதனைகளைப் பதிவுசெய்யும் பூன் அண்ட் கிராக்கெட் சங்கத்தின் நிரந்தரப் பதிவேட்டில் சேர்க்கும் குறைந்தபட்ச அளவு. உலக சாதனை 442 5/8, 1968-இல் அரிசோனாவின் ஒயிட் மலைகளில் சுட்டது. சீரற்ற கொம்புப் பிரிவில் 478 5/8, 2008-இல் யூட்டாவில். ஆக, அரிசோனா, யூட்டா, நெவாடா என்று சொல்லலாம். ஆனால் அங்கேயும் நல்ல டேக் வாங்கிய பெரும்பாலோர் அதைவிடச் சிறியதைத்தான் கொண்டுவருகிறார்கள், சிலர் வெறுங்கையோடு. 330 அங்குல எல்க் 40 அடியில் வந்து நின்று முழங்கும்போது உங்கள் எண் ஞாபகம் இருக்கிறதா என்று பார்ப்போம்.

சுட்ட பிறகு இறைச்சியை என்ன செய்வது? விமானத்தில் கொண்டுவரலாமா? (பாஸ்டன் வாசகர்)

வளர்ந்த ஆண் எல்க்கை எலும்பு நீக்கினால் 90 கிலோவுக்கு மேல் இறைச்சி தேறும். 9,000 அடி உயரத்தில் அதை முதுகில் சுமந்து இறக்க ஒருவருக்கு நான்கைந்து நடை. தனியாகப் போகிறவர்கள் சாலையிலிருந்து எவ்வளவு தூரத்தில் சுடுவது என்பதை முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். செப்டம்பர் வெயிலில் இறைச்சி ஒரே நாளில் கெட்டுப்போகலாம்.

ஊருக்குக் கொண்டுவரும்போது சிடபிள்யூடி என்ற மூளை நோய் காரணமாகப் பல மாநிலங்கள் தலையையும் முதுகெலும்பையும் உள்ளே விடுவதில்லை. எலும்பு நீக்கிய இறைச்சி, சுத்தம் செய்த மண்டையோட்டுத் தகட்டோடு கொம்பு, இவை போதும். உறையவைத்த இறைச்சியைப் பெட்டியில் வைத்து விமானத்தில் ஏற்றலாம், கூடுதல் எடைக் கட்டணத்தை முன்பே விசாரியுங்கள். வழியில் கடக்கும் மாநிலங்களின் விதிகளையும் பாருங்கள்.

என் பாயின்டை மகனுக்கு எழுதிவைக்க முடியுமா? (ஃபீனிக்ஸ் வாசகர்)

பாயின்டை முடியாது. ஆனால் அரிசோனாவில் உங்களுக்குக் கிடைத்த டேக்கையே 10 முதல் 17 வயதுள்ள உங்கள் பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்கலாம். 14-க்குக் கீழே என்றால் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், வேட்டையின்போது நீங்களும் கூடப் போக வேண்டும். மகனுக்கு இப்போது 15 என்றால் மிஞ்சினால் இன்னும் மூன்று பிப்ரவரிதான், இந்த வருடமே விண்ணப்பியுங்கள்.