மருமகள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாள்?

அன்புள்ள மேடம்,

நாங்கள் இருப்பது வேலூர் சத்துவாச்சாரி. என் பிறந்த வீடு குடியாத்தம். எங்களுக்கு ஒரே மகன். கல்கத்தாவில் வேலையில் இருந்தபோது பர்த்வான் பக்கத்துப் பெண் ஒருத்தியை விரும்பினான், நல்ல குடும்பம்தான், நாங்களே போய்ப் பேசி முடித்தோம். இப்போது அவனுக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை, எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது.

குறை சொல்ல எழுதவில்லை. வந்த ஒரு வருஷத்துக்குள் தமிழ் பேசக் கற்றுக்கொண்டாள், பஸ் போர்டு படிக்கிறாள், ரசம் என்னைவிட நன்றாக வைக்கிறாள் என்று இவர் சொல்கிறார் (என் எதிரிலேயே). ஆடி மாசம் எங்கள் தெருவில் கூழ் ஊற்றியபோது முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் நின்றவள் அவள்தான். வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் கூட்டிப் போனேன், அவ்வளவு கூட்டத்திலும் முகம் சுளிக்கவில்லை. இத்தனை நாளில் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்கம்பக்கத்து மருமகள்களைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் காந்தி ரோட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள். வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கிற பெங்காலிக்காரர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு, கடுகெண்ணெய் பாட்டிலோடு சாயங்காலம் வருகிறாள். அந்த வாடையே எனக்கு ஆகாது, அது வேறு. யாரம்மா அவர்கள் என்றால், தெரிந்தவர் யாரும் இல்லை, போன வாரம் பார்த்தவர்கள் இந்த வாரம் ஊருக்குப் போயிருப்பார்களாம். "உன் மருமகளை லாட்ஜ் வாசலில் பார்த்தேன்" என்று எதிர்வீட்டம்மா சொன்னபோது எனக்கு உடம்பே கூசிப்போனது.

போன புரட்டாசியிலிருந்துதான் இது அதிகம். நவராத்திரியில், நவமி அன்று கறி சமைக்கலாமா அத்தை என்று கேட்டாள். எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்க முட்டைகூட உள்ளே வராது, அதிலும் சாமி கும்பிடுகிற நாளில்! கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். "சரி அத்தை" என்று உள்ளே போனாள், அவ்வளவுதான். நான் என்ன குறை வைத்தேன்? இவள் எப்போதுதான் எங்கள் வீட்டோடு ஒட்டுவாள்?

- பெயர் வேண்டாம், சத்துவாச்சாரி

அன்புள்ள அம்மா,

எதிர்வீட்டம்மாவை முதலில் தள்ளி வையுங்கள். அந்தத் தெருக்களில் லாட்ஜ் என்றால் நோயாளியும் கூட வந்தவர்களும் அடுப்பு வைத்துப் பொங்கித் தின்கிற இடம். வேலூரில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

எனக்கு இடித்தது காந்தி ரோடு இல்லை, 'எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை' என்று நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் வரிதான். இரண்டு வருஷமாக ஒரே சமையலறையில் புழங்கும் இரண்டு பெண்களுக்குள் ஒரு சின்னச் சண்டைகூட வரவில்லை என்றால், அதில் ஒருத்தி இன்னும் விருந்தாளியாகவே இருக்கிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். குடியாத்தத்திலிருந்து வாழ வந்த புதிதில் உங்கள் மாமியாரிடம் வாயைத் திறக்க உங்களுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்துப் பாருங்கள், அதுவும் சொந்த மொழியில். கடையில் பேரம் பேச ஒரு மொழி சீக்கிரம் வந்துவிடும். கோபப்பட, கிண்டலடிக்க, சலித்துக்கொள்ள அவ்வளவு சீக்கிரம் வராது. வாரம் முழுக்க யோசித்து யோசித்துப் பேசுகிறவள் ஒரு நாள் யோசிக்காமல் வாயாடப் போகிறாள், எதிரில் இருப்பவர் யாராக இருந்தால் என்ன?

புது ஊரில் போய் வாழ்கிறவர்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர் காலின் வார்ட் என்ற உளவியலாளர். அந்த ஊரில் காரியங்களைச் சமாளிக்கக் கற்பது ஒன்று, மனசு அங்கே நிம்மதியாக இருப்பது வேறொன்று, இரண்டும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்கிறார். ரசம், கூழ், பஸ் போர்டு எல்லாம் முதல் கணக்கில் வருபவை. அதில் உங்கள் மருமகள் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டதால் இரண்டாவதும் முடிந்தது என்று நினைத்துவிட்டீர்கள்.

'எப்போது ஒட்டுவாள்' என்பதற்குத் தேதி கிடையாது. அமெரிக்கா போய் வந்த நார்வேக்காரர்களை விசாரித்து 1955ல் லிஸ்கார்ட் என்பவர், முதலில் உற்சாகம், நடுவில் ஒரு சரிவு, அப்புறம் மெல்ல ஏற்றம் என்று ஒரு வளைவு வரைந்து காட்டினார். ரொம்ப காலம் எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1998ல் வார்டும் கூட இருந்தவர்களும் நியூசிலாந்துக்கு வந்த ஜப்பான் மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, வந்து இறங்கிய நேரம்தான் இருப்பதிலேயே கஷ்டமானதாக இருந்தது. ஆளுக்கு ஆள் மாறும். 'கல்ச்சர் ஷாக்' (புதுப் பண்பாட்டுக்குள் போகும்போது வரும் தடுமாற்றம்) என்ற பேச்சைப் பரவலாக்கிய மானிடவியலாளர் ஓபர்க், 1954ல் ரியோ டி ஜெனிரோவில் பேசும்போது அதன் அடையாளங்களை அடுக்கினார். குடிதண்ணீரைப் பற்றி ஓயாத கவலை, சும்மா சும்மா கை கழுவுவது, அவற்றோடு ஊருக்குப் போய் நமக்குப் புரிகிற மாதிரிப் பேசுகிறவர்களோடு பேச வேண்டும் என்ற பயங்கரமான ஏக்கம். கடைசியாகச் சொன்னதற்கு உங்கள் மருமகள் டவுன் பஸ்ஸிலேயே மருந்து கண்டுபிடித்திருக்கிறாள், கெட்டிக்காரி.

கனடாவின் ஜான் பெரி, புதுப் பண்பாட்டுக்குள் வருகிறவர்கள் நான்கு விதமாக நடந்துகொள்கிறார்கள் என்பார். சிலர் தன்னுடையதை விட்டுக் கரைந்துவிடுகிறார்கள், சிலர் தன்னுடையதை மட்டும் பிடித்துக்கொண்டு ஒதுங்குகிறார்கள், சிலர் இரண்டும் இல்லாமல் தவிக்கிறார்கள், சிலர் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். பொதுவாக நன்றாக இருப்பது கடைசி ரகம். நீங்கள் 'ஒட்டுவது' என்று சொல்வது முதல் ரகம். ஆனால் இரண்டையும் வைத்துக்கொள்வது அவள் ஒருத்தி கையில் இல்லை, வந்த இடம் இடம் கொடுத்தால்தான் முடியும் என்பதையும் பெரியே சொல்கிறார். நம் ஊர்க் கடைக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் எவ்வளவு சரளமாக ஹிந்தியும் பெங்காலியும் பேசுகிறார்கள்! அதனால் யாரும் வேலூர்க்காரர் இல்லாமல் போய்விடவில்லை. (அவர்களுக்கு வியாபாரம் இருக்கிறது என்பீர்கள். உங்களுக்கு ஒரே மருமகள் இருக்கிறாள்.)

புரட்டாசி விஷயத்தில் உங்கள் மேல் தப்பில்லை, அவள் மேலும் இல்லை. உங்களுக்கு விரத மாசமாக இருப்பதுதான் அவளுக்கு வருஷத்தின் பெரிய பண்டிகை. துர்கா பூஜையில் நவமிக்கு ஆட்டுக்கறி என்பது பல பெங்காலி வீடுகளில் அம்மனுக்குச் செய்யும் அவமரியாதை இல்லை, பண்டிகைச் சாப்பாடு. ஆடியில் அம்மனுக்குக் கிடா வெட்டுகிற ஊரில் இருந்துகொண்டு நாம் இதற்கு ரொம்ப அதிர்ச்சியடைய வேண்டியதில்லை. உங்கள் அடுப்பில் கறி ஏற வேண்டாம், அதை நான் கேட்க மாட்டேன். ஆனால் அதற்கு முந்தைய நாள் அஷ்டமிக்கு அங்கே பல வீடுகளில் கிச்சுரி, லுச்சி என்று சைவம்தான். அரிசி பருப்புப் பொங்கலும் பூரியும் மாதிரி, உங்கள் விரதத்துக்கு ஒரு குந்தகமும் இல்லை. இந்த வருஷம் அஷ்டமிச் சமையலை அவளிடம் விட்டுவிடுங்கள். மறுநாள் மகன் அவளை வெளியே கூட்டிப்போய்க் கறிச்சோறு வாங்கிக் கொடுக்கட்டும்.

காந்தி ரோட்டுக்கு "நானும் வரேன்" என்று கிளம்பாதீர்கள், அவளாகக் கூப்பிட்டால் ஒழிய. அது அவளுடைய நேரம். கடுகெண்ணெய்க்கு ஜன்னலைத் திறந்துவையுங்கள், போதும். அவள் அங்கே போவதை நிறுத்திவிட்டு, சாப்பாடும் தூக்கமும் குறைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது தள்ளிப்போடாதீர்கள், மனநல மருத்துவத்துக்குப் பாகாயம் உங்களுக்குப் பக்கம்தான்.

ஒன்று கேட்க வேண்டும். கல்கத்தாவில் இருந்த உங்கள் மகனுக்கு அவள் பாஷையும் தெரிந்திருக்கும், புரட்டாசியும் தெரியும். நவமி அன்று நீங்கள் சத்தம் போட்டபோது அவர் எங்கே இருந்தார், என்ன சொன்னார்? இவ்வளவு நீளக் கடிதத்தில் அவரைப் பற்றி அதற்குமேல் ஒரு வரியும் இல்லையே. அவரை எனக்கு எழுதச் சொல்லுங்கள்.