டன்லூஸ் கோட்டைக்கு ஐ.ஆர்.பி. கார்டு போதாது

கேள்வி: டப்ளினில் எம்.எஸ்சி. படிக்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டும் ஐ.ஆர்.பி. கார்டும் (அயர்லாந்தில் தங்க அனுமதிக்கும் அட்டை) இருக்கின்றன. நண்பர்கள் ஐந்து பேர் ஒரு சனிக்கிழமை பழைய கோட்டைகளைப் பார்க்கக் கிளம்புகிறோம். எல்லோரும் என்னைப் போல இந்திய மாணவர்கள்தான். டன்லூஸ், காரிக்ஃபெர்கஸ் இரண்டையும் காட்டுவதாக ஒரு வேன்காரர் சொல்கிறார். “பார்டரில் செக்கிங்கே கிடையாது, விசா எதற்கு?” என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். அந்த இரண்டு கோட்டைகளும் வட அயர்லாந்தில் இருக்கின்றன. அது பிரிட்டனைச் சேர்ந்த பகுதி. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு பிரிட்டன் விசா கட்டாயம். ஐ.ஆர்.பி. கார்டு அயர்லாந்துக் குடியரசில் தங்குவதற்கான அனுமதி மட்டுமே.

எல்லையில் கேட் இல்லை என்பது உண்மைதான். சாலையோரத்து மஞ்சள் கோடு வெள்ளையாகும், வேகப் பலகையில் கிலோமீட்டர் போய் மைல் வரும், அவ்வளவுதான். ஆனால் வடக்கிலிருந்து திரும்பும் பஸ்ஸிலும் ரயிலிலும் அயர்லாந்து போலீஸ் ஏறிப் பாஸ்போர்ட் பார்ப்பது உண்டு. அன்றைக்குத் தப்பினாலும் விஷயம் முடியாது. நாளை லண்டனில் வேலை கிடைத்து விசா போடும்போது, முன்பு சட்டவிரோதமாக நுழைந்தீர்களா என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் சிக்கல், மறைத்தால் அதைவிடப் பெரிய சிக்கல். வேன்காரர் காசை வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் வேறு ஐந்து பேரை ஏற்றுவார்.

“ஒரே விசாவில் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் போய்வர பிரிட்டிஷ் ஐரிஷ் விசா திட்டம் இருக்கிறதே” என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது. 2014இல் அறிவித்தார்கள், இந்தியர்களுக்கும் உண்டு. ஆனால் அது குறுகிய காலச் சுற்றுலாவாக வருபவர்களுக்கு. விசாவில் அந்தத் திட்டத்தின் சுருக்கப் பெயர் பி.ஐ.வி.எஸ். (BIVS) என்று அச்சிட்டிருக்க வேண்டும். எந்த நாடு விசா கொடுத்ததோ அங்கேதான் முதலில் இறங்க வேண்டும். உங்களுடையது படிப்புக்கான நீண்ட கால விசா, அதில் இது வராது. உங்கள் அம்மா அப்பா ஊரிலிருந்து அந்த முத்திரையோடு டப்ளின் வந்தால், அவர்கள் டன்லூஸ் போய்வரலாம். வருடக்கணக்காக இங்கே வாழ்ந்து ஃபீஸ் கட்டும் நீங்கள் போக முடியாது. இதில் என்ன நியாயம் இருக்கிறது? பல வருடங்களாக இதே பதிலை மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இன்னொரு பொறி. டொனிகால் கோட்டை குடியரசில்தான் இருக்கிறது, விசா வேண்டாம். ஆனால் டப்ளினிலிருந்து போனில் வழி கேட்டால், அது பெரும்பாலும் வட அயர்லாந்துக்குள் புகுந்து போகும் சாலையைத்தான் காட்டும். ஸ்லைகோ வழியாகச் சுற்றிப் போங்கள். வேன் எந்த வழியில் போகும் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு என்ன செய்யலாம்? தெற்கே போங்கள். டப்ளினிலிருந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் கேர் கோட்டை. பலகையில் Cahir என்று இருப்பதை எழுத்துக் கூட்டி ‘கஹிர்’ என்று கேட்டால் உள்ளூர்க்காரருக்குப் புரியாது. ஷூர் ஆற்றின் நடுவே பாறைமேல் நிற்கிறது. 1599இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பிரபு பீரங்கியால் அடித்தபோது பாய்ந்த குண்டு இன்னும் கோபுரச் சுவரில் பதிந்திருக்கிறது. அண்ணாந்து தேடினால் கல்லுக்கு நடுவே கறுப்பாக உருண்டையாகத் தெரியும். என்னைக் கேட்டால் இதற்காகவே அந்த இரண்டு மணி நேரம் தகும். அங்கிருந்து இருபது நிமிடத்தில் கேஷல் பாறை. அது கோட்டை என்பதைவிட தெற்கு அயர்லாந்தின் முன்ஸ்டர் பகுதி அரசர்களின் இருப்பிடமாக இருந்து பிறகு தேவாலயமான இடம். திரும்பும் வழியில் கில்கென்னி. பட்லர் குடும்பத்தார் 1391 முதல் 1935 வரை வாழ்ந்துவிட்டு, 1967இல் வெறும் 50 பவுண்டுக்கு ஊருக்குக் கொடுத்த கோட்டை அது.

மூன்றுமே அரசு பராமரிப்பில் உள்ளவை. முதல் இடத்திலேயே மாணவர் ஹெரிடேஜ் கார்டு வாங்கினால், இத்தகைய இடங்களில் நுழைய அதுவே ஒரு வருடத்துக்குச் செல்லும். தனியாருடைய பிளார்னி கோட்டையில் அது செல்லாது. மூன்று இடங்களிலும் “ஸ்பெஷல் என்ட்ரி” என்று வேன்காரர் தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். குளிர்காலத்தில் சீக்கிரம் மூடிவிடுவார்கள், அதனால் காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

டன்லூஸ்தான் வேண்டும் என்றால் பிரிட்டன் விசிட்டர் விசாவுக்கு நீங்களே ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். கட்டணம் 100 பவுண்டைத் தாண்டும், முடிவு வர பொதுவாக மூன்று வாரம் பிடிக்கும். ஃபாரம் நிரப்ப ஏஜென்ட் எதற்கும் தேவையில்லை. விசா கையில் வந்த பிறகு வேனுக்கு முன்பணம் கொடுங்கள்.