அழைப்பு அவள் ஆட்டத்துக்கா, வயதுக்கா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. சின்ன வயதிலிருந்தே கோல்ஃப் ஆடுகிறாள். ஜூனியர் போட்டிகளில் நிறைய ஜெயித்திருக்கிறாள். ஆண்களின் தொழில்முறைப் போட்டி ஒன்றை நடத்துகிறவர்கள், ஸ்பான்சர் ஒதுக்கீட்டில் ஓர் இடம் தருகிறோம், அமெச்சூராக வந்து ஆடட்டும் என்கிறார்கள். இப்படியொரு வாய்ப்பு மறுபடி வருமா என்பது என் கவலை. பயிற்சியாளரோ வேண்டவே வேண்டாம் என்கிறார். "பெண்ணுக்கு அங்கே என்ன வேலை? ஓர் ஆணின் இடத்தைப் பிடுங்குவதா?" என்று கிளப்பிலும் பேச்சு. நான் என்ன செய்யட்டும்?
– ஒரு தந்தை

பதில்: அன்புள்ள ஐயா,

கிளப் பேச்சை முதலில் ஓரங்கட்டிவிடுவோம். அமெரிக்காவின் முக்கியத் தொழில்முறைச் சுற்றான பிஜிஏ டூரில் ஆண்கள் மட்டும்தான் ஆட வேண்டும் என்று விதியே கிடையாது. பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட சுற்று எல்பிஜிஏ. மற்றது தகுதி உள்ள எவருக்கும் திறந்த களம். இது புதுமையும் அல்ல. 1932 ஒலிம்பிக்கில் தடகளத்தில் இரண்டு தங்கம் வென்ற பேப் ஜஹாரியாஸ் 1938-லேயே லாஸ் ஏஞ்சலஸ் ஓப்பனில் ஆண்களோடு ஆடினார். 1945-ல் அதே போட்டிக்குத் தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்து, முதல் இரண்டு சுற்றுகளுக்குப் பிந்தைய 'கட்'டையும் தாண்டினார். குறைந்த அடிகளில் முடித்தவர்களை மட்டும் அடுத்த சுற்றுக்கு விடும் எல்லைக்கோடுதான் கட்.

இடத்தைப் பிடுங்குவது என்ற குற்றச்சாட்டிலும் சாரம் இல்லை. ஸ்பான்சர் ஒதுக்கீடு என்பது ஸ்கோரைப் பார்த்துத் தருகிற இடமே அல்ல. பழைய சாம்பியன், உள்ளூர்ப் பையன், டிக்கெட் விற்க உதவும் பிரபலம் என்று போட்டி நடத்துகிறவர்கள் தங்கள் விருப்பப்படி தருவது. அந்த இடத்துக்கு ஃபார்ம் இழந்த ஒரு மூத்த வீரர் வந்தால் யாரும் வாய் திறப்பதில்லை. ஒரு பெண் வந்தால்தான் திடீரென்று எல்லோருக்கும் நியாயம் நினைவுக்கு வருகிறது.

பயிற்சியாளர் சொல்வது வேறு. அவர் தயக்கத்துக்குக் காரணம் தூரமாக இருந்தால் அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஆண்கள் தொழில்முறைக் களங்கள் பெரும்பாலும் 7,000 கெஜத்துக்கு மேல். பெண்களுடையது 6,200-லிருந்து 6,600 வரை. வெறும் எண்ணாகப் பார்த்தால் இது உறைக்காது. 440 கெஜ நீளமுள்ள ஒரு பார் நாலை, அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழியை, எடுத்துக்கொள்ளுங்கள். டீயிலிருந்து, அதாவது முதல் அடியில், 300 கெஜம் அடிக்கிறவருக்கு மிச்சம் 140. குட்டைக் கிளப்பான ஒன்பதாம் அயர்னை எடுத்து உயரமாகத் தூக்கிப் போட்டால் பந்து, கொடி நிற்கும் கிரீனில் விழுந்த இடத்தருகே நின்றுவிடும். உங்கள் மகள் 250 அடிப்பாள் என்று வைத்துக்கொண்டால் அவளுக்கு மிச்சம் 190. அதே கொடிக்கு அவள் ஹைப்ரிட், ஃபேர்வே வுட் போன்ற நீளமான கிளப்பை எடுக்க வேண்டும். பந்து தாழ்வாக வரும், சுழற்சி குறைவு, கெட்டியான கிரீனில் விழுந்து பின்பக்கம் ஓடிவிடும். அங்கிருந்து சின்னதாகத் தூக்கிப் போடும் சிப், பிறகு குழிக்குள் உருட்டிவிடும் ஒரு பட். ஒரு தவறும் செய்யாமலே பாருக்குப் போராட வேண்டியிருக்கும். இது ஒரு குழியில் அல்ல, நாள் முழுக்க. ரஃபில் விழுந்துவிட்டால் இன்னும் மோசம். நீளப் புல்லிலிருந்து பந்தைப் பிடுங்கி எடுக்கக் கிளப்பின் வேகம் வேண்டும்.

அதனால்தான் பெண்கள் டூரின் முன்னணி வீராங்கனை ஆனிகா சோரென்ஸ்டாம் 2003-ல் ஆண்களோடு ஆடச் சம்மதித்தபோது களத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். டெக்சாஸின் கலோனியல் அதிக நீளமில்லாத, குறுகலான களம். வலுவைவிடத் துல்லியத்துக்கு மதிப்புத் தருவது. அவர் கட்டைத் தவறவிட வேண்டும், தன்னோடு சேர்த்துப் போட்டால் ஆட மாட்டேன் என்கிற அளவுக்கு ஆண்கள் டூர் வீரர் விஜய் சிங் கசப்பாகப் பேசினார். அவ்வளவு நெருக்கடியிலும் முதல் நாள் குட்டைப் புல் பாதைகளான 14 ஃபேர்வேக்களில் 13-ல் பந்தை நிறுத்தினார். ஸ்கோர் 71, பாருக்கு ஒன்று அதிகம். அன்று அவரைக் கைவிட்டது தூரம் அல்ல, பட்டிங்தான். மறுநாள் 74, நான்கு ஸ்ட்ரோக்கில், அதாவது நான்கு அடியில், கட்டைத் தவறவிட்டார். தன் இடம் தன் டூர்தான் என்று சொல்லிவிட்டுப் போனவர், அதே ஆண்டு எல்பிஜிஏ சாம்பியன்ஷிப்பையும் பெண்கள் பிரிட்டிஷ் ஓப்பனையும் வென்றார்.

அப்போது அவருக்கு வயது 32 என்பதைக் கவனியுங்கள். பெண்கள் டூரில் 40-க்கும் மேற்பட்ட வெற்றிகள் கையில் இருந்தன. தோற்றாலும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. 2023-ல் லாஸ் வேகஸில் ஆண்களோடு ஆடி, இரண்டாம் நாள் 69 அடித்தும் கட்டைத் தவறவிட்ட லெக்ஸி தாம்ப்சனும் அப்படித்தான். பேர் வாங்கிய பிறகு வந்தவர்.

உங்கள் மகளின் நிலைமைக்கு அருகில் வருகிறவர் அமெரிக்க வீராங்கனை மிஷெல் வீ. 2004-ல், 14 வயதில், ஹவாயில் நடந்த ஆண்கள் போட்டியான சோனி ஓப்பனில் 72, 68 அடித்து ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் கட்டைத் தவறவிட்டார். அந்த 68-ஐ நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது என்ன? அழைப்பு மேல் அழைப்பு. 2008 வரை மொத்தம் எட்டு பிஜிஏ டூர் போட்டிகள். ஒன்றில்கூடக் கட்டைத் தாண்டவில்லை. ஆண்களின் ஆசியச் சுற்றில், 2006-ல் கொரியாவில், தாண்டினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எல்பிஜிஏவில் முதல் வெற்றி வந்தது 2009 நவம்பரில்தான். இடையில் மணிக்கட்டுக் காயம் வந்தது. அந்தப் பழியை நான் ஆண்கள் போட்டிகளின் தலையில் கட்ட மாட்டேன். நான் சொல்வது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி ஒன்பது குழிகளில் முன்னணியில் இருந்துகொண்டு, கை நடுங்க ஆடி ஜெயிப்பது தனிப் பழக்கம். கட்டைத் தவறவிட்டு வெள்ளிக்கிழமையே மூட்டை கட்டுகிறவர்களுக்கு அது கிடைக்காது. 2014-ல் அவர் பெண்கள் யுஎஸ் ஓப்பனை வென்றபோது, அந்தத் திறமைக்கு இது தாமதம் என்றே எனக்குத் தோன்றியது.

ஆண்களோடு ஆடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2022-ல் ஸ்வீடனில் நடந்த ஸ்காண்டிநேவியன் மிக்ஸ்டில் ஆண்களும் பெண்களும் ஒரே கோப்பைக்காக ஆடினார்கள், பெண்களுக்கு டீ மட்டும் முன்னால். ஸ்வீடன் வீராங்கனை லின் கிராண்ட் ஒன்பது ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். இரண்டாம் இடத்தைப் பகிர்ந்தவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் ஓப்பன் சாம்பியன் ஹென்ரிக் ஸ்டென்சன். அதுபோன்ற போட்டிக்கு அழைப்பு வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள் என்றிருப்பேன்.

இந்த அழைப்பை இப்போதைக்கு மறுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. ஆடியே தீர வேண்டும் என்று அவள் துடித்தால், அந்தப் போட்டிக்குத் தகுதிச் சுற்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் ஆடட்டும். அதில் தேறி உள்ளே போனால் பயிற்சியாளர், கிளப், நான் யாரும் பேச வேண்டிய அவசியமே இல்லை.

அவள் துடிக்கிறாளா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் நினைப்பதை எழுதியிருக்கிறீர்கள், பயிற்சியாளர் சொல்வதை எழுதியிருக்கிறீர்கள், கிளப்பில் பேசுவதைக்கூட எழுதியிருக்கிறீர்கள். ஆடப்போகிறவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. இன்றே கேளுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வாள். பயிற்சியாளரிடம் தனியாகப் பேசவிடுங்கள்.

அழைத்தவர்களிடமும் சிலவற்றைக் கேட்க வேண்டும். பயிற்சிச் சுற்றுக்கு எத்தனை நாள் களம் கிடைக்கும்? அந்த வாரத்தில் எத்தனை பேட்டி, எத்தனை விளம்பரப் படப்பிடிப்பு? பேட்டிகளே அவள் நேரத்தைத் தின்றுவிட்டால் பட்டிங் பழக எங்கே நேரம்? கடைசியாக, இரண்டு வருடம் கழித்து, அவளுக்கு 18 ஆன பிறகும் இந்த இடத்தைத் தருவீர்களா என்று கேளுங்கள். தருவோம் என்றால் அவசரம் எதுவும் இல்லை. இந்த வருடம் மட்டும்தான் என்றால், அவர்களுக்கு வேண்டியது அவள் ஆட்டமா, அவள் வயதா என்று உங்களுக்கே விளங்கிவிடும்.