பாபாசாகேப் புரந்தரே வரலாற்றாசிரியரா, கதைசொல்லியா?

இந்தக் கேள்வி மகாராஷ்டிரத்திலேயே இன்னும் ஓயவில்லை. மராட்டிய மன்னர் சிவாஜியின் வரலாற்றை எழுதிய பல்வந்த் மோரேஷ்வர் புரந்தரே என்ற பாபாசாகேப் 1922இல் பிறந்தார். இளம் வயதிலேயே புனேயின் பாரத இதிகாச சம்சோதக் மண்டலம் என்ற வரலாற்று ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, மராத்தியின் பழைய எழுத்துமுறையான மோடியில் இருந்த பழைய காகிதங்களைப் படிக்கப் பழகினார். ஆனால் காகிதத்தோடு நிற்கவில்லை. சிவாஜியின் கோட்டைகளைத் தேடிப்போய் ஏறிப் பார்த்தார்.

அது ஏன் முக்கியம்? 1660 ஜூலையில், கொட்டும் மழையில், முற்றுகையிடப்பட்ட பன்ஹாளா கோட்டையிலிருந்து சிவாஜி இரவோடு இரவாகத் தப்பி விஷால்கட் கோட்டைக்குப் போனார். ஆவணத்தில் அது ஒரு வரி. சேறும் கணவாயுமாகக் கிடக்கும் அந்த வழியில் நடந்து பார்த்தால்தான், சிவாஜியின் தளபதி பாஜி பிரபு ஒரு குறுகலான இடத்தில் நின்று துரத்தி வந்த படையைத் தடுத்தது எப்படிச் சாத்தியமானது என்று விளங்கும்.

அப்புறம் சிவாஜியின் வாழ்க்கையை வைத்து அவர் உருவாக்கிய 'ஜாணதா ராஜா' நாடகம். மேடையில் நிஜ யானையும் குதிரையும் வரும். 2015இல் அவருக்கு மாநில அரசின் மகாராஷ்டிர பூஷண் விருதை அறிவித்தபோது, சிவாஜியின் ஆசான் என்று சொல்லப்படும் தாதோஜி கொண்டதேவுக்குத் தன் எழுத்தில் அளவுக்கு மீறி இடம் கொடுத்தார் என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த விமர்சனத்தைத் தள்ளிவிட முடியாது. மக்கள் அவருக்கு வைத்த பெயர் 'சிவஷாகிர்'. ஷாகிர் என்றால் வீரக்கதைப் பாடகர். எனக்கு அதுதான் சரியான பெயராகப் படுகிறது. 2019இல் பத்ம விபூஷண் பெற்றார், 2021 நவம்பரில் புனேயில் காலமானார்.