பழைய பிக்கப்பில் குரூஸ் கண்ட்ரோல் பிடிக்கவில்லையா? கேள்வி பதில்

டெக்சாஸில் பழைய பிக்கப்புகளைப் பழுது பார்ப்பது எனக்கு 22 வருஷத் தொழில். இங்கே வந்து குடியேறிய நம்மவர்கள் பலர், வீட்டுச் சாமான் ஏற்றவும் மரம் வாங்கி வரவும் இருபது, முப்பது வயதான பிக்கப் ஒன்றை மலிவாக வாங்கி வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் நாலு மணி நேரம் ஹைவேயில் போகும்போதுதான், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வேகத்தைத் தானே பிடித்து வைக்கிற குரூஸ் பிடிக்காதது தெரிய வருகிறது. ஆக்ஸிலரேட்டருக்குக் கேபிள் இருக்கிற, 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த வண்டிகளைப் பற்றி மட்டும் பதில் சொல்கிறேன்.

ஹூஸ்டன்: அண்ணா, 1999 ஃபோர்டு எஃப்-150. ஆன் பட்டனை அழுத்தி, செட் அழுத்தினால் ஒன்றுமே நடப்பதில்லை. ஃபியூஸ் பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

முதலில் ஹாரன் அடித்துப் பாருங்கள். இந்த வண்டியில் ஹாரனும் குரூஸ் பட்டன்களும் ஸ்டியரிங்குக்குள் ஒரே வழியாகத்தான் வருகின்றன. ஹாரன் அடிக்கவில்லையென்றால் ஹாரன் ஃபியூஸ், அப்புறம் ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கிற கிளாக் ஸ்பிரிங் (கீழே டல்லாஸ்காரருக்குச் சொல்கிறேன்). ஹாரன் அடித்தால் அடுத்தது பிரேக் விளக்கு. ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். மிதித்தால் எரிய வேண்டும், விட்டவுடன் அணைய வேண்டும். பெடலை விட்டும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தால், நீங்கள் எப்போதும் பிரேக்கில் கால் வைத்திருப்பதாகவே குரூஸ் நினைக்கும்.

இரண்டும் சரியென்றால் பானெட்டைத் திறந்து, பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயை அழுத்தித் தள்ளுகிற பிரேக் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். அதில் அறுகோணமாக ஒரு சின்ன சுவிட்ச் திருகியிருக்கும், அதிலிருந்து ஒரு கனெக்டர் போகும். பிரேக்கை அழுத்தி மிதித்தால் குரூஸை வெட்டுகிற இரண்டாவது காவல் அது. ஒரு பக்கம் பிரேக் எண்ணெயின் அழுத்தம், மறுபக்கம் மின்சாரம், நடுவே மெல்லிய பிலிம். வருஷக்கணக்கில் அழுத்தம் வாங்கிய பிலிம் விரிசல் விட்டால் எண்ணெய் மின்சாரப் பக்கம் கசியும். சாவியை எடுத்த பிறகும் அந்த சுவிட்சுக்கு மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதனால் துரு ஏறி, சூடாகி, நிறுத்தி வைத்த வண்டியே தீப்பிடித்திருக்கிறது. இதைச் சரிசெய்ய 2005 செப்டம்பரில் மட்டும் சுமார் 38 லட்சம் வண்டிகளை ஃபோர்டு திரும்ப அழைத்தது, 1994 முதல் 2002 வரையிலான எஃப்-150 அதில் சேர்ந்தது. 1999இலிருந்து 2009 வரை வந்த அழைப்புகளை எல்லாம் கூட்டினால் 1 கோடியே 40 லட்சத்தைத் தாண்டும்.

சுவிட்சுக்கும் பழைய கனெக்டருக்கும் நடுவே ஃபியூஸ் வைத்த குட்டி ஒயர் ஒன்று இருந்தால் அந்தப் பழுதுபார்ப்பு நடந்திருக்கிறது. இல்லையென்றால் டீலரிடம் வின் நம்பரை (வண்டியின் அடையாள எண்) கொடுத்துக் கேளுங்கள். எப்படியிருந்தாலும் கனெக்டரைக் கழற்றி, உள்ளே ஒரு வெள்ளைத் துணி முனையை நுழைத்து எடுங்கள். துணி ஈரமாக வந்தால் சுவிட்ச் போய்விட்டது. அந்தக் குட்டி ஒயரின் ஃபியூஸ் எரிந்திருந்தால் புது ஃபியூஸ் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அது எரிந்ததற்குக் காரணம் இருக்கிறது.

டல்லாஸ்: 2001 எஃப்-150. குரூஸும் இல்லை, ஹாரனும் இல்லை. ஏர்பேக் விளக்கும் எரிகிறது.

மூன்றும் சேர்ந்து போனால் கிளாக் ஸ்பிரிங் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். ஸ்டியரிங்குக்கு அடியில், கடிகார வில்லைப் போலச் சுருண்ட தட்டையான நாடா அது. நீங்கள் திருப்பும் ஒவ்வொரு தடவையும் சுருண்டு விரிகிறது, ஒரு நாள் மடிப்பில் அறுந்துபோகிறது.

மாற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். ஏர்பேக் முகத்துக்கு முன்னால் இருக்கிற வெடிபொருள், அதில் அவசரம் வேண்டாம். சக்கரங்கள் நேராக இருக்கும்போது, ஸ்பிரிங்கை நடுநிலையில் வைத்துத்தான் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் முழுத் திருப்பத்திலேயே புது நாடாவும் அறுந்துவிடும்.

பட்டன்களையும் சோதிக்க ஆசையென்றால் மீட்டர் வையுங்கள். கோஸ்ட் (வேகம் குறைக்கிற பட்டன்) அழுத்தும்போது 120 ஓம் அளவில், செட் 680, ரெஸ்யூம் (பழைய வேகத்துக்குத் திரும்புகிற பட்டன்) 2,200. ஆஃப் அழுத்தினால் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும்.

சான் அன்டோனியோ: 1996 எஃப்-150. பின்னால் எல்லா பிரேக் பல்பையும் எல்இடியாக மாற்றினேன். அன்றிலிருந்து குரூஸ் இல்லை. தற்செயலா?

தற்செயல் இல்லை, எல்இடிதான் காரணம். குரூஸ் பெட்டியிலிருந்து ஒரு ஒயர் பிரேக் விளக்கு லைனுக்கு வருகிறது. பெடலை மிதிக்காதபோது அந்த ஒயருக்கு பல்பின் இழை வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது. எல்இடி அப்படி எர்த் கொடுக்காது. எர்த் இல்லையென்றால் பிரேக் சர்க்யூட் அறுந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு குரூஸ் வேலை செய்ய மறுக்கும்.

கால்கரி: மன்னிக்க வேண்டும், நான் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். சுவிட்ச் திறந்திருக்கும்போது அந்த லைனில் கரண்டே கிடையாது. பல்பு எதுவானால் என்ன? என் 2015 பிக்கப்பில் எல்இடி போட்டும் குரூஸ் ஓடுகிறதே.

2015 வண்டி வேறு சாதி. அதில் கம்ப்யூட்டர் பெடல் சுவிட்சையே நேராகப் படிக்கிறது. பழைய வண்டியில் குரூஸ் பெட்டி தானே மிகச் சிறிய கரண்டை அந்த ஒயரில் அனுப்பி, அது எர்த்துக்கு இறங்குகிறதா என்று பார்க்கிறது. நீங்களே சோதிக்கலாம். பெடலை விட்டபடி, பிரேக் சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகிற ஒயருக்கும் பாடிக்கும் இடையே ஓம் பாருங்கள்.

ஆஸ்டின்: எல்இடியோடு சேர்த்து மாட்டுகிற மின்தடை, அதாவது லோட் ரெசிஸ்டர் போட்டால் முடிந்தது, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

கடையில் கிடைப்பது 6 ஓம் ரெசிஸ்டர். 13.8 வோல்ட்டில் அது 32 வாட் சூடாகும். டிராஃபிக்கில் பெடலை மிதித்தபடி நின்றால் தொட்டால் கை பொசுங்கும். பிளாஸ்டிக் மேல் ஒட்டிவிட்டு உருகிய விளக்குக் கூட்டோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். போட்டே தீர வேண்டுமென்றால் தகட்டில் திருகுங்கள். அதைவிட எளிது, கேபினுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கிற மூன்றாவது பிரேக் விளக்கில் மட்டும் பழைய இழை பல்பையே வைப்பது. குரூஸுக்கு ஒரு இழை போதும்.

கால்கரி: நண்பரின் 1997 எஃப்-150இல் மீட்டர் வைத்துப் பார்த்தேன். பழைய பல்பில் 1 ஓமுக்கும் கீழே, எல்இடியில் ஒன்றும் காட்டவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் விளக்கை நம்பி குரூஸை வடிவமைத்தது தவறு.

சோதித்துப் பார்த்ததற்கு நன்றி. ஆனால் தவறு என்பதை ஏற்க மாட்டேன். பிரேக் விளக்கு லைன் அறுந்திருந்தால் நீங்கள் மிதித்த செய்தி குரூஸுக்குப் போய்ச் சேராது. அப்படிப்பட்ட வண்டியில் அது பிடிக்காமல் இருப்பதுதான் சரி. பின்னால் வருகிறவருக்கும் நீங்கள் நிற்பது தெரியாதே.

அட்லான்டா: 1997 டாட்ஜ் ராம், பெட்ரோல். சமதளத்தில் குரூஸ் நன்றாகப் பிடிக்கிறது. மேட்டில் ஏறினால் விட்டுவிடுகிறது.

ஒன்று கேட்கிறேன்: மேட்டில் ஏறும்போது முகத்துக்கு வருகிற ஏசி காற்று தானாகக் கண்ணாடிப் பக்கம் போய்விடுகிறதா? போனால் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், வாக்குவம் கசிவு.

உங்கள் வண்டியில் குரூஸ் ஆக்ஸிலரேட்டர் கேபிளை வாக்குவத்தால் இழுக்கிறது. மேட்டில் எஞ்சின் முழுதாகத் திறக்கும்போது அதன் வாக்குவம் குறையும். அந்த நேரத்துக்கென்று சேமித்து வைக்கிற டப்பா பேட்டரித் தட்டுக்கு அடியில் இருக்கிறது. பேட்டரி அமிலமும் எஞ்சின் சூடும் பட்டு அங்குள்ள ரப்பர் முழங்கைகள் பிசுபிசுத்து, பிளாஸ்டிக் குழாய்கள் அப்பளம் போல நொறுங்கும். பேட்டரியையும் தட்டையும் எடுத்துவிட்டு ஒவ்வொரு குழாயையும் விரலால் வளைத்துப் பாருங்கள். ஒருவழி வால்வை வாயால் ஊதினால் ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும். அநேகமாகக் கொஞ்சம் ரப்பர் குழாயோடு வேலை முடிந்துவிடும். கேபிளை இழுக்கிற சர்வோவைப் புதிதாக வாங்கிவிடாதீர்கள்.

டொரான்டோ: என் பிக்கப்பிலும் குரூஸ் வேலை செய்யவில்லை. என்ன காரணம்?

என்ன வண்டி, எந்த வருஷம், ஹாரன் அடிக்கிறதா, பிரேக் விளக்கு எரிகிறதா? இவை தெரியாமல் சொல்ல முடியாது.

டென்வர்: ஊருக்குள் 25 மைலில் செட் ஆகவில்லை.

ஆகாது. ஏறத்தாழ 30 மைலுக்கு மேல்தான் பிடிக்கும்.

டாம்பா: மேனுவல் கியர், மற்றதெல்லாம் சரி.

கிளச் பெடல் சுவிட்சைப் பாருங்கள்.

மெம்ஃபிஸ்: ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, ஆனாலும் குரூஸ் இல்லை.

ஹூஸ்டன்காரருக்கு எழுதியதை முழுதாகப் படியுங்கள். அதே வரிசைதான், மறுபடி எழுத மாட்டேன்.

சிகாகோ: குரூஸை முதலில் கண்டுபிடித்தது பார்வையில்லாதவர் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ரால்ஃப் டீட்டர், இண்டியானாவின் ஹேகர்ஸ்டவுன் ஊர்க்காரர். ஐந்து வயதில் கண்பார்வை போனது, ஆனாலும் இன்ஜினியர் ஆனார். அவரை உட்காரவைத்து வண்டி ஓட்டிய வக்கீல் பேசும்போது வேகத்தைக் குறைப்பார், கேட்கும்போது கூட்டுவார். அந்தக் குலுக்கல் பொறுக்காமல் யோசிக்கத் தொடங்கியவர் 1950இல் காப்புரிமை பெற்றார். 1958இல் கிரைஸ்லரின் இம்பீரியல் கார்களில் அது வந்தது. வண்டியின் ஒவ்வொரு இழுப்பையும் உடம்பால் கவனித்த ஒருவருக்குத்தான் இது தோன்றியிருக்கும்.

சாக்ரமென்டோ: மாஸ்டர் சிலிண்டரில் இருக்கிற பிரேக் சுவிட்ச் போய்விட்டது என்கிறார்கள். இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால் குரூஸ் வந்துவிடுமாமே?

வந்துவிடும். செய்யாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானே செய்தேன். சோதனைக்கென்று ஒயரை இணைத்து ஒரு பழைய பிக்கப்பை ஹைவேயில் எடுத்துப் போனேன். பெடலுக்குக் கீழே இருக்கிற விளக்கு சுவிட்சும் போயிருந்ததை நான் பார்த்திருக்கவில்லை. முன்னால் லாரி வேகம் குறைத்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி வேகம் குறைந்ததும் குரூஸ் அதை ஈடுகட்ட ஆக்ஸிலரேட்டரை இன்னும் இழுத்தது. என் காலுக்கும் எஞ்சினுக்கும் இழுபறி. நியூட்ரலுக்குத் தள்ளியதால் தப்பித்தேன், எஞ்சின் அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. புது சுவிட்ச் வாங்கிப் போடுங்கள், பெரிய செலவில்லை.

ஹூஸ்டன்: அண்ணா, மறுபடி நான்தான். அந்தக் குட்டி ஒயர் என் வண்டியில் இல்லை. கனெக்டரில் துணியை விட்டேன், பழுப்பாக ஈரம் வந்தது. இப்போது என்ன செய்ய?

கனெக்டரை மறுபடி மாட்டாதீர்கள். வேறெங்கும் படாதபடி டேப் சுற்றி ஒதுக்கிக் கட்டுங்கள். பிரேக்கும் பிரேக் விளக்கும் வழக்கம் போல வேலை செய்யும், குரூஸ் மட்டும் இருக்காது. மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் மட்டம் இறங்கியிருக்கிறதா பாருங்கள், இறங்கியிருந்தால் ஓட்ட வேண்டாம். இன்று இரவு வண்டி வீட்டை ஒட்டிய கராஜுக்குள் இருக்கக் கூடாது, வெளியே தள்ளி நிறுத்துங்கள். நாளைக் காலை வின் நம்பரோடு டீலருக்குப் போன் செய்துவிட்டு, என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.